கடைசிப் பந்தியில் காலி இலை: டைம் கம்ப்யூட்டர்ஸ் கவிழ்ந்த கதை

2005 ஜூலை கடைசி வாரத்தில் பிரிட்டனின் பல கடைவீதிகளில் ஒரே நிறுவனத்தின் கடைகள் ஒன்றாகப் பூட்டப்பட்டன. டைம், டைனி என்ற பெயர்களில் மலிவு விலைக் கணினிகளை விற்றுவந்த கிரான்வில் டெக்னாலஜி குரூப் திவாலாகி, நிர்வாகிகளின் கைக்குப் போயிருந்தது. 70க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. சுமார் 1,500 பேர் வேலை இழந்தார்கள். பணத்தை முழுதாகக் கட்டிவிட்டு, கணினி இன்று வரும் நாளை வரும் என்று காத்திருந்தவர்களுக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான்: கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் கார்டு நிறுவனத்திடம் கேளுங்கள், வேறு வழியில் கட்டியிருந்தால் கடன் கொடுத்தவர்களின் பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பதிலைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஒரே கடை, ஒரே பொருள், ஒரே விலை. ஒருவருக்குப் பணம் திரும்ப வருகிறது; இன்னொருவருக்கு வரவில்லை. இருவருக்கும் உள்ள வித்தியாசம், ஒருவரை வங்கி நம்பியிருந்தது, இன்னொருவரை நம்பவில்லை என்பது மட்டுமே. இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த வேறொரு நாட்டுக் கடையின் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். ஒரு வியாபாரம் சாகும்போது அதன் எலும்பைக்கூட யார் முதலில் எடுப்பது என்று சட்டம் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது. அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாதவரை, ஏமாந்தது நம் விதி என்றே நினைத்துக்கொண்டிருப்போம்.

யாருக்காக விற்றார்கள்?

டைம் கம்ப்யூட்டர்ஸ் வட இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்த நிறுவனம். தொடங்கியவர் தாஹிர் மோஹ்சன். பர்ன்லி நகருக்குப் பக்கத்தில் சைமன்ஸ்டோன் என்ற ஊரில் தலைமையகமும் தொழிற்கூடமும் இருந்தன. ஒரு காலத்தில் பருத்தி நெசவு ஆலைகளால் வாழ்ந்து, அந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதால் நொடித்துப்போன பகுதி அது. அங்கே ஆயிரக்கணக்கில் வேலை தரும் ஒரு நிறுவனம் என்பது சின்ன விஷயம் அல்ல.

டைனி, தெற்கே சரே மாவட்டத்தின் ரெட்ஹில்லில் இருந்த போட்டி நிறுவனம். அதை நடத்திய நிறுவனத்தின் பெயர் ஓ.டி. கம்ப்யூட்டர்ஸ். 1990களின் பிற்பகுதியில் இந்த இரண்டு பெயர்களும் பிரிட்டனின் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்களாக வந்துகொண்டிருந்தன. ஸ்டார் டிரெக் தொடரில் ஸ்பாக்காக நடித்த லியோனார்ட் நிமோயே டைம் விளம்பரத்தில் வந்தார். கணினி, திரை, பிரிண்டர், மென்பொருள் எல்லாம் ஒரே கட்டாக. இப்போது வாங்குங்கள், பிறகு கட்டுங்கள். பல வருட வாரண்டி. முதல் முறையாகக் கணினி வாங்கும் குடும்பங்களைக் குறிவைத்த வியாபாரம் அது.

அந்தக் குடும்பங்கள் ஆடம்பரத்துக்காக வாங்கவில்லை. பிள்ளைகளின் பள்ளிப் பாடத்துக்குக் கணினி தேவை என்று அரசே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. விரும்பும் எல்லோருக்கும் 2005க்குள் இணையம் கிடைக்கும் என்று 2000இல் இலக்கு வைத்தவர் பிரதமர் டோனி பிளேர். வேலைக்குச் செல்வோர் சம்பளத்தில் பிடித்தம் செய்து கணினி வாங்க வரிச்சலுகைத் திட்டம் ஒன்றும் இருந்தது. ஆனால் சம்பளப் பிடித்தம் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. ஆகவே குறைந்தபட்சக் கூலி வாங்குகிறவர் அந்தத் திட்டத்துக்குள் நுழையவே முடியாது. வேலை இல்லாதவரைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவர்களுக்கு மிச்சம் இருந்தது மலிவு விலைக் கடைதான்.

அந்தக் கோடையில் பிரிட்டனின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.85 பவுண்ட். ஒரு கணினி 500 பவுண்ட் என்று வைத்துக்கொண்டால், அது 103 மணி நேர உழைப்பு. வாடகை, சாப்பாடு, பேருந்துக் கட்டணம் எதற்கும் ஒரு காசுகூட எடுக்காமல் இரண்டரை வாரம் வேலை செய்தால் வரும் தொகை. அதைச் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அன்று "வாடிக்கையாளர்". கடை மூடிய மறுநாள் அவர் "ஈடு இல்லாமல் கடன் கொடுத்தவர்". யாருக்கும் கடன் கொடுக்க நினைக்காத ஒரு ஏழையைச் சட்டம் ஒரே இரவில் கடன் கொடுத்தவராக மாற்றிவிட்டது.

முதல் மரணம், இரண்டாம் மரணம்

முதலில் விழுந்தது டைனி. 2002 ஜனவரியில் ஓ.டி. கம்ப்யூட்டர்ஸ் திவால் நிர்வாகத்துக்குள் போனது. டைனி என்ற பெயரையும் வியாபாரத்தையும் டைம் வாங்கிக்கொண்டது. கடைப் பலகையில் பழைய பெயர் தொடர்ந்தது. ஆனால் சட்டத்தின் கண்ணில் பழைய நிறுவனம் வேறு, புதிய முதலாளி வேறு. பெயர் கைமாறும்போது அந்தப் பெயரை நம்பிய மக்களுக்கான கடமைகள் எல்லாம் தானாகக் கைமாறுவதில்லை. பலகையைப் பார்த்து நம்பும் மனிதருக்கு இந்த வேறுபாடு தெரிய வழியே இல்லை.

மூன்றரை ஆண்டுகள் கழித்து டைமும் விழுந்தது. கணினி விலை வருடா வருடம் இறங்கிக்கொண்டிருந்தது. டெல் போன்ற பெரிய நிறுவனங்கள் கடையே இல்லாமல் நேரடியாக விற்றன. சூப்பர் மார்க்கெட்டுகளும் கணினி விற்கத் தொடங்கியிருந்தன. கடை வாடகையும் ஆட்களின் சம்பளமும் கொடுத்து, ஒவ்வொரு பெட்டியிலும் சொற்ப லாபம் பார்க்கும் வியாபாரத்துக்கு அந்தச் சந்தையில் மூச்சு விடுவதே கஷ்டம். இப்படிப்பட்ட வியாபாரத்தில் வாடிக்கையாளரின் முன்பணம்தான் ரத்த ஓட்டம். புதிதாக வருகிறவரின் பணத்தில் நேற்று வந்தவரின் கணினி தயாராகும். ஓட்டம் நின்ற நாளில் யார் வரிசையில் நிற்கிறாரோ அவர் தலையில் இடி.

பந்தி வரிசை

திவாலான நிறுவனத்தின் சொத்தை எப்படிப் பங்கிடுகிறார்கள்? பிரிட்டன் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கட்டடம் போன்ற குறிப்பிட்ட சொத்தை அடமானமாக வைத்திருக்கும் வங்கி முதலில். அடுத்து, திவாலை நடத்தும் நிர்வாகிகளின் கட்டணமும் செலவும். அதன்பின் முன்னுரிமைக் கடன்கள். தொழிலாளியின் சம்பளப் பாக்கி இங்கே வருகிறது, ஆனால் தலைக்கு 800 பவுண்ட் வரைதான். அதன்பின் சரக்கு, வரவேண்டிய பாக்கி போன்றவற்றின் மேல் பொதுவான ஈட்டுரிமை வைத்திருக்கும் வங்கி. இந்த வங்கியின் பங்கிலிருந்து ஒரு சிறு பகுதியை மற்றவர்களுக்காக ஒதுக்க வேண்டும் என்று 2003இல் ஒரு விதி வந்தது. அதற்கும் அன்று உச்சவரம்பு 6 லட்சம் பவுண்ட். இதெல்லாம் போனபின் மிஞ்சியதில்தான் ஈடு இல்லாதவர்கள்: சரக்குக் கொடுத்த சிறு வியாபாரிகள், 800 பவுண்டுக்கு மேற்பட்ட சம்பளப் பாக்கிக்காரர்கள், பணம் கட்டிய வாடிக்கையாளர்கள். இவர்கள் எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்து பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பங்குதாரர்கள் அதற்கும் பின்னால் என்பது உண்மை. ஆனால் பங்குதாரர் லாபம் வரும் என்று தெரிந்தே துணிந்தவர். கணினி வாங்க வந்தவருக்கு லாபத்தில் என்ன பங்கு இருந்தது?

பந்தியில் யார் முதலில், யார் கடைசியில், யார் எச்சில் இலை எடுக்கும்வரை வெளியே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அடுப்பு பற்றவைக்கும் முன்பே முடிவாகியிருக்கும் என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. சோறு தீர்ந்துபோனது தற்செயல் என்று சொல்வார்கள். யாருக்குத் தீர்ந்துபோனது என்பது தற்செயல் அல்ல. பிரிட்டனின் திவால் சட்டம் சாதி அல்ல. அப்படிச் சொன்னால் அது சாதியை லேசாக்கிப் பேசுவதாகும். ஆனால் வரிசையை இயற்கை என்று நம்பவைக்கும் தந்திரம் எங்கே இருந்தாலும் நம் கண்ணுக்குச் சீக்கிரம் தட்டுப்படும்.

கார்டு இருந்தவருக்குக் கவசம்

1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் பிரிவு 75 என்று ஒன்று இருக்கிறது. நல்ல சட்டம். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்ட் வரை விலையுள்ள பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், கடை ஏமாற்றினாலும் கடையே இல்லாமல் போனாலும், கார்டு கொடுத்த நிறுவனமும் கடையோடு சேர்ந்து பொறுப்பு. விலையில் ஒரு பகுதியை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் போதும்; முழு இழப்பையும் கேட்கலாம். கடை மூலமாகவே ஏற்பாடான தவணைக் கடனுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

ரொக்கமாகக் கட்டினால் இல்லை. காசோலையில் கட்டினால் இல்லை. டெபிட் கார்டுக்கும் இந்தச் சட்டம் இல்லை. அதாவது, கடன் வாங்கிப் பொருள் வாங்குகிறவருக்குச் சட்டம் குடை பிடிக்கிறது. சேர்த்து வைத்த சொந்தக் காசில் வாங்குகிறவரை மழையில் விடுகிறது. "கடன் வாங்காதே, சிக்கனமாக இரு, சேமித்து வாங்கு" என்று ஏழைக்கு எல்லோரும் உபதேசம் செய்வார்கள். அந்த உபதேசத்தைக் கேட்டு நடந்தவருக்குத்தான் இங்கே தண்டனை.

கிரெடிட் கார்டு யாரிடம் இருக்கும்? நிலையான சம்பளம், நிலையான முகவரி, பழுதில்லாத கடன் வரலாறு உள்ளவரிடம். தினக்கூலிக்கோ, அரசு உதவித்தொகையில் வாழும் தாய்க்கோ, போன வருடம் மின்கட்டணம் தவறியவருக்கோ அது கிடைப்பது அரிது. இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் ஏழைக்கு எதிராக எழுதவில்லை. கடன் கொடுக்கும் நிறுவனங்களைப் பொறுப்பாக்கவே எழுதினார்கள். ஆனால் ரொக்கம் தவிர வேறொன்றும் கையில் இல்லாத மனிதர் அவர்கள் நினைவுக்கு வரவே இல்லை. கெட்ட எண்ணம் இல்லாமலும் ஒரு சட்டம் ஒருவரை வெளியே நிறுத்த முடியும். அதை நிறுவ யாருடைய உள்நோக்கத்தையும் நாம் தேட வேண்டியதில்லை. விளைவைப் பார்த்தால் போதும்.

இது டைமோடு முடிந்த கதை அல்ல. அடுத்த ஆண்டே, 2006 அக்டோபரில், ஃபேர்பேக் கவிழ்ந்தது. அது கிறிஸ்துமஸ் சீட்டு மாதிரி. ஏழைக் குடும்பங்கள் வாரா வாரம் சில பவுண்ட் கட்டி, ஆண்டு முடிவில் பரிசுக் கூப்பன்களும் பண்டங்களும் பெறும் திட்டம். பணம் வசூலித்தவர்கள் பெரும்பாலும் அதே தெருவில் வாழும் பெண்கள். அக்கம்பக்கத்தாரின் நம்பிக்கைதான் அவர்களுடைய முதல். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பணம் போனது. கட்டியதில் ஏறத்தாழ பாதி திரும்பக் கிடைக்க 2012 வரை ஆனது. அதுவும் வங்கித் தரப்பு கடமையாக அல்லாமல் நல்லெண்ணமாகக் கொடுத்த தொகையையும் சேர்த்துத்தான். இயக்குநர்கள்மீது அரசுத் தரப்பு தொடுத்த தகுதிநீக்க வழக்கு பாதியிலேயே கைவிடப்பட்டது. ஃபேர்பேக்குக்குக் கடன் கொடுத்திருந்த வங்கியின் நடத்தையை நீதிபதி கடுமையாக விமர்சித்தார். ஆனால் அது சட்டத்துக்கு உட்பட்டது என்பதையும் அவரே சொல்ல வேண்டியிருந்தது. "சட்டத்துக்கு உட்பட்டது" என்பதுதான் இங்கே நாம் பேச வேண்டிய விஷயம்.

வேலை இழந்த 1,500 பேர்

தொழிலாளர்களுக்கு வருவோம். 100 பேருக்கு மேல் வேலையை விட்டு நிறுத்துவதாக இருந்தால் 90 நாட்களுக்கு முன்பே தொழிலாளர் பிரதிநிதிகளோடு பேச வேண்டும் என்பது அன்றைய பிரிட்டன் சட்டம். பேசாமல் நிறுத்தினால் 90 நாள் சம்பளம் வரை இழப்பீடு. காகிதத்தில் பார்த்தால் வலுவான உரிமை.

நிறுவனம் திவாலான பிறகு அந்த இழப்பீட்டைக் கொடுப்பது யார்? கஜானா காலி. அரசின் தேசியக் காப்புறுதி நிதி ஓரளவு கொடுக்கும். அதிலும் வாரச் சம்பளத்துக்கு உச்சவரம்பு, வாரக் கணக்குக்கு உச்சவரம்பு. ஆட்குறைப்புப் பணம் வேண்டுமானால் இரண்டு வருடம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். ஒன்றரை வருடம் வேலை செய்த பெண்ணுக்கு அதுவும் இல்லை. பின்னர் 2013இல் 90 நாள் என்பதையே 45 நாளாகக் குறைத்தார்கள். கடன் கொடுத்த வங்கியின் உரிமையை யாராவது பாதியாகக் குறைத்தார்களா என்று கேளுங்கள்.

உண்மையில் யார் தின்றது?

இந்தக் கதையில் இன்னொரு பக்கம் இருக்கிறது. கடை மூடிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அது முழுதாக வெளியே வந்தது.

ஒவ்வொரு கணினிக்குள்ளும் ரேம் என்ற நினைவகச் சில்லு உண்டு. உலகில் அதைத் தயாரிப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்கள். 1998 ஜூலை முதல் 2002 ஜூன் வரை இந்த நிறுவனங்கள் தங்களுக்குள் ரகசியத் தகவல்களைப் பரிமாறிக்கொண்டு, கணினி தயாரிப்பாளர்களுக்கு விற்கும் விலையை ஒத்திசைத்தன என்று ஐரோப்பிய ஆணையம் 2010 மே 19 அன்று முடிவு செய்தது. சாம்சங், ஹைனிக்ஸ், இன்ஃபினியான், என்.இ.சி., ஹிட்டாச்சி, தோஷிபா, மிட்சுபிஷி, எல்பிடா, நான்யா ஆகியவற்றுக்குச் சேர்த்து 33 கோடியே 10 லட்சம் யூரோவுக்கு மேல் அபராதம். பத்தாவது நிறுவனமான மைக்ரான் சதியை முதலில் காட்டிக்கொடுத்ததால் அதற்கு அபராதம் இல்லை. அமெரிக்காவில் இதற்கு முன்பே சாம்சங் 30 கோடி டாலர், ஹைனிக்ஸ் 18.5 கோடி, இன்ஃபினியான் 16 கோடி, எல்பிடா 8.4 கோடி என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருந்தன. அதிகாரிகள் சிலர் சிறைக்கும் போனார்கள்.

டைமும் டைனியும் கவிழ்ந்ததற்கு இந்தச் சதி மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சொற்ப லாபத்தில் ஓடும் வியாபாரத்துக்கு, உள்ளே போகும் ஒவ்வொரு பாகத்தின் விலையும் உயிர்நாடி. அந்தப் பாகத்தின் விலையை உலகின் பெரிய முதலாளிகள் சேர்ந்து பேசி வைத்திருக்கிறார்கள். "மலிவு விற்றான், மாட்டிக்கொண்டான்" என்று ஊர் சிரித்த காலத்தில், மேலே இருந்தவர்கள் அமைதியாக உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அந்தச் சுமை வந்து இறங்கிய இடம் 500 பவுண்ட் கொடுத்த குடும்பம்.

அபராதப் பணம் யாருக்குப் போனது? ஐரோப்பிய ஒன்றியத்தின் வரவு செலவுக் கணக்குக்கும் அமெரிக்க அரசுக்கும். அதிக விலை கொடுத்தவர்கள் தனியாக வழக்குப் போட்டுத்தான் பெற வேண்டும்.

செத்த நிறுவனத்துக்குக் கிடைத்த கருணை

அப்படி ஒரு வழக்கு வந்தது. திவாலான கிரான்வில், அதனோடு சேர்ந்த வி.எம்.டி., டைனியின் ஓ.டி. கம்ப்யூட்டர்ஸ் ஆகிய மூன்றின் பெயரிலும் 2016இல் இன்ஃபினியான், மைக்ரான் மீது லண்டனில் வழக்கு தொடரப்பட்டது. எதிர்த்தரப்பின் முதல் கேள்வி: ஏன் இவ்வளவு தாமதம்? வழக்குக்கு ஆறு ஆண்டுகள்தான் காலவரம்பு. ரகசியமாக மறைக்கப்பட்ட அநியாயம் என்றால், நியாயமான முயற்சி எடுத்திருந்தால் எப்போது கண்டுபிடித்திருக்க முடியுமோ அப்போதிலிருந்துதான் அந்தக் காலம் ஓடத் தொடங்கும்.

2020இல் உயர் நீதிமன்றம் சொன்னது இது. கிரான்வில் 2005 வரை வியாபாரம் செய்துகொண்டிருந்தது. அமெரிக்க விசாரணைச் செய்திகள் துறைப் பத்திரிகைகளில் வந்தன. சந்தையில் இருக்கும் நிறுவனம் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஆகவே கிரான்வில், வி.எம்.டி. வழக்குகள் காலாவதி. ஓ.டி. 2002 ஜனவரியிலேயே திவாலாகிவிட்டது. சந்தையைப் பார்த்துக்கொண்டிருக்க அதற்கு ஆளும் இல்லை, காரணமும் இல்லை. ஆகவே அதன் வழக்கு காலாவதி ஆகவில்லை. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. முன்னால் செத்தவனின் வழக்கு உயிரோடு இருந்தது. மூன்றரை ஆண்டு கூடுதலாகப் போராடியவனின் வழக்கு செத்தது.

தீர்ப்பில் ஓ.டி. பற்றிய பகுதி எனக்கு நியாயமாகவே படுகிறது. ஒருவர் எந்த நிலையில் இருந்தார் என்று பார்த்துத்தான் "உனக்கு ஏன் தெரியவில்லை" என்று கேட்க வேண்டும். விழுந்து கிடப்பவரிடம், நிற்கிறவருக்கு உள்ள பார்வையை எதிர்பார்க்கக் கூடாது. சட்டப்படி இதே விதி தனி மனிதருக்கும் பொருந்தும். ஆனால் அந்த விதியைப் பேசி வாங்க வழக்கறிஞர் வேண்டும், செலவுக்குப் பணம் வேண்டும், பதினைந்து இருபது ஆண்டுகள் காத்திருக்கும் தெம்பு வேண்டும். திவாலான நிறுவனத்துக்கு அதற்கென்றே நியமிக்கப்பட்ட ஆட்கள் இருந்தார்கள். கணினிக்குப் பணம் கட்டி ஏமாந்த குடும்பத்துக்கு யார் இருந்தார்கள்?

ஏற்பாடு செய்தால் இதுவும் முடியும். அமெரிக்காவில் இதே ரேம் சதிக்காக மாநில அரசுகளும் நுகர்வோரும் சேர்ந்து தொடர்ந்த வழக்கில் 31 கோடி டாலர் சமரசத் தொகை வந்தது. 1998க்கும் 2002க்கும் இடையில் கணினி வாங்கிய சாதாரண மனிதர்கள், ரசீதுகூட இல்லாமல், பங்கு கேட்டு விண்ணப்பிக்க முடிந்தது. தலைக்குக் கிடைத்தது பெரிய தொகை அல்ல. ஆனாலும் "நீயும் ஏமாற்றப்பட்டவன்" என்ற ஒப்புதல் அதில் இருந்தது. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பெயர் கொடுக்காமலே எல்லோருக்குமாக வழக்குத் தொடரும் வழி பிரிட்டனில் 2015 அக்டோபரில்தான் வந்தது. டைம் கணினிகளில் பெரும்பாலானவை அதற்குள் குப்பைக்குப் போயிருக்கும்.

"அவர்களே ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்"

இந்தக் குரல் வரும் என்று தெரியும். மலிவுக்கு ஆசைப்பட்டால் இப்படித்தான் என்பார்கள். கிரான்வில்லுக்குக் கடன் கொடுத்தவர்களிடம் கணக்காளர்கள் இருந்தார்கள், வரவு செலவு அறிக்கைகள் இருந்தன, ஈடு வாங்கிக்கொள்ளும் பலம் இருந்தது. எச்சரிக்கையாக இருக்க எல்லா வசதியும் உள்ளவருக்குச் சட்டம் முதல் இலை போடுகிறது. விளம்பரத்தைத் தவிர வேறெதுவும் கையில் இல்லாதவரிடம் "நீ ஏன் விசாரிக்கவில்லை" என்கிறது.

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. வாடிக்கையாளரை முன்வரிசையில் உட்கார வைத்தால் வங்கிகள் சிறு கடைகளுக்குக் கடன் கொடுக்கத் தயங்கும். கடைகள் இன்னும் சீக்கிரம் மூடும். ஏழைக்கு வாங்கக் கடையே இருக்காது. இதில் உண்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வழி இருக்கிறது. அதே பிரிட்டனில் 1974இல் கோர்ட் லைன் என்ற சுற்றுலா விமான நிறுவனம் கவிழ்ந்து, பல்லாயிரம் பயணிகள் வெளிநாட்டில் தவித்தபோது, பயணத்துக்கு முன்பணம் கட்டியவர்களைக் காக்கும் நிதி உருவானது. பிறகு சுற்றுலாத் தொகுப்பு விற்கும் எல்லோரும் வாடிக்கையாளர் பணத்துக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்தே தீர வேண்டும் என்று சட்டம் வந்தது. அதனால் சுற்றுலாத் தொழில் செத்துப்போகவில்லை. ஸ்பெயின் கடற்கரைக்குப் போகக் கட்டிய பணம் பத்திரமாக இருக்கலாம் என்றால், பிள்ளை படிக்கக் கணினிக்குக் கட்டிய பணம் ஏன் பத்திரமாக இருக்கக் கூடாது?

இதை அரசு அமைத்த குழுவே கேட்டது. இங்கிலாந்தின் சட்ட ஆணையம் 2016 ஜூலையில் இந்தப் பிரச்சினை பற்றியே ஓர் அறிக்கை கொடுத்தது. கடை திவாலாவதற்கு முந்தைய ஆறு மாதத்தில் 250 பவுண்ட் அல்லது அதற்கு மேல், கார்டு வழியாகத் திரும்பப் பெற வாய்ப்பில்லாத முறையில் கட்டியவர்களுக்காவது முன்னுரிமை கொடுங்கள் என்றது. மிகக் குறைந்த கோரிக்கை. அது சட்டமாகவில்லை. ஆனால் 2020 டிசம்பரில் பந்தியில் ஒருவரை முன்னால் நகர்த்தினார்கள். யாரை? வரித்துறையை. நிறுவனம் மக்களிடம் வசூலித்துக் கட்டாமல் வைத்திருக்கும் மதிப்புக் கூட்டு வரி போன்ற பாக்கிகளுக்கு முன்னுரிமை திரும்ப வந்தது. அது மக்கள் கொடுத்த பணம், ஆகவே காப்பாற்றப்பட வேண்டும் என்பது அரசு சொன்ன காரணம். சரி. கணினிக்கு மக்கள் கொடுத்த பணம் மட்டும் யாருடையது?

ஆக, வரிசையை மாற்றவே முடியாது என்பது பொய். மாற்ற வேண்டும் என்று பலமுள்ளவர் நினைத்தால் மாறுகிறது.

கேட்க வேண்டியது மூன்றுதான். பொருளைக் கையில் கொடுக்கும்வரை வாடிக்கையாளரின் முன்பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். கடையின் செலவுக்கு அதைத் தொடக் கூடாது. பாதுகாப்பு என்பது எப்படிக் கட்டினோம் என்பதைப் பொறுத்து மாறக் கூடாது. ரொக்கத்துக்கும் கார்டுக்கும் ஒரே உரிமை வேண்டும். விலைச் சதிக்காக அரசுகள் வாங்கும் அபராதத்தில் ஒரு பங்கு, ஏமாற்றப்பட்டவர்களுக்கு அவர்கள் நீதிமன்றம் ஏறாமலே போய்ச் சேர வேண்டும்.

ஏழைக்கு மலிவாகப் பொருள் கிடைப்பதை நான் கேலி செய்யவில்லை. அந்தக் கணினிகளில் எழுதிப் படித்து மேலே வந்த பிள்ளைகள் அந்த ஊர்களில் இருப்பார்கள். மலிவான பொருள் வேண்டும். ஆனால் பொருள் மலிவு என்பதற்காக அதை வாங்குகிறவரின் உரிமையும் மலிவாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? அடுத்து ஒரு கடை மூடும்போது, அது எந்த நாடாக இருந்தாலும், "எத்தனை கோடி நஷ்டம்" என்ற தலைப்புச் செய்தியோடு நிறுத்திவிடாதீர்கள். ரொக்கமாகக் கட்டியவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். அந்தச் சட்டம் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதை அந்த ஒரு பதிலே காட்டிக்கொடுத்துவிடும்.